யார் எழுதிக் கொடுத்த மருந்து?



இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். கடைசியில் அவர்களிடம் கேட்க வேண்டிய விசயம் ஒன்று இருக்கிறது.

போன வருசம் எங்கள் வாப்பாவை ஒரு சுபஹ் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மலம் கறுப்பாய்ப் போயிருந்தது. எழுந்து நிற்க முடியாமல் தலை சுற்றியது. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னார். வாப்பா ஏற்கனவே கிளினிக்கில் பிரசர் குளிசையும் அஸ்பிரினும் எடுப்பவர். முழங்கால் வலிக்கென்று நாலு மாதமாக டைக்ளோபெனக் குளிசையும் போட்டு வந்திருக்கிறார். அஸ்பிரினோடு அதையும் சேர்த்து அத்தனை நாள் போட்டால் வயிறு புண்ணாகும், இரத்தம் கசியும் என்பது மருந்து படித்த எவருக்கும் தெரிந்த விசயம்.

டொக்டர் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இது யார் எழுதிக் கொடுத்த மருந்து?"

என்னிடம் பதில் இல்லை. யாரும் எழுதவில்லை. ஒரு மருந்துக் கடையில் போய் "தம்பி, முழங்கால் வலிக்கு ஏதாவது தாங்க" என்று கேட்டிருக்கிறார். கவுண்டரில் நின்ற பிள்ளை எடுத்துக் கொடுத்திருக்கிறது. நல்லாயிருந்ததால் திரும்பத் திரும்ப வாங்கியிருக்கிறார். மருந்து வந்த காகிதப் பையில் காலை 1, இரவு 1 என்பதைத் தவிர ஒரு எழுத்தும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ், வாப்பா தப்பிவிட்டார். அந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. வரலாறு படிப்பிக்கிற வாத்தியார் என்பதால் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்ப் பார்த்தேன். கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*லண்டனில் ஒரு புதுமை*

லண்டனில் இருக்கிற என் மச்சான் ஒருவர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இங்க எனக்குப் பிரசர் மருந்தைக் கூட்டிக் குறைச்சு எழுதுறது டொக்டர் இல்ல, பாமஸிஸ்ட்தான்."

நான் முதலில் நம்பவில்லை. பிறகு தேடிப் படித்தேன். உண்மைதான். பிரித்தானியாவில் 2003இல் மருந்தாளர்களுக்கு, ஒரு டொக்டர் போட்டுக் கொடுத்த திட்டத்துக்குள் நின்று மருந்து எழுதும் உரிமை கிடைத்தது. 2006இல் தாங்களே நோயாளியைப் பார்த்து, தாங்களே தீர்மானித்து, தாங்களே பொறுப்பேற்று எழுதும் உரிமையும் வந்தது. கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் 2007இலும் நியூசிலாந்தில் 2013இலும் இதே மாதிரி வந்தது. இப்போது பிரித்தானியா இன்னும் ஒரு படி ஏறிவிட்டது. 2026 முதல் அங்கே மருந்தாளராகப் பதிவு பெறும் புதியவர்கள் பதிவோடு சேர்த்தே மருந்து எழுதும் தகுதியையும் பெறுவார்கள்.

உரிமையைச் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. ஏற்கனவே பதிவு பெற்று வேலை செய்கிற மருந்தாளர் ஒருவர் இந்தத் தகுதியைப் பெறுவதற்குக் குறைந்தது 26 நாள் பாடம் இருக்கிறது. அதற்கு மேல் அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் 90 மணித்தியாலம் நோயாளிகளோடு வேலை செய்ய வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் தகுதி. அதன் பிறகும் தனக்குத் தெரிந்த துறைக்குள்தான் எழுதலாம். பிரசர் நோயில் பயிற்சி பெற்றவர் பிள்ளைகளின் வலிப்பு நோய்க்கு மருந்து எழுதப் போக மாட்டார்.

இதை வாசித்தபோது எனக்கு லண்டன் பெரிதாகத் தெரியவில்லை, எங்கள் உம்மும்மாதான் ஞாபகத்துக்கு வந்தார். அவர் வாயில் அடிக்கடி வந்த ஒரு சொல் இருந்தது: "அப்போத்திக்கரி மாத்தயா".

*அப்போத்திக்கரி என்றால் யார்?*

என் வயதுக்காரர்களுக்கு இந்தச் சொல் தெரியாது. ஆங்கிலத்து அப்போதெகரி என்ற சொல்தான் நம் வாயில் இப்படி ஆனது. பழைய பொருளில் அவர் மருந்து கலந்து விற்பவர், அதாவது இன்றைய மருந்தாளரின் மூதாதை.

மருந்து கலப்பவர் வைத்தியமும் சொல்லலாமா என்ற சண்டை லண்டனிலேயே 300 வருசத்துக்கு மேல் பழையது. 1701இல் வில்லியம் ரோஸ் என்ற அப்போத்திக்கரி, ஜோன் சீல் என்ற இறைச்சிக் கடைக்காரருக்கு டொக்டரின் துண்டு இல்லாமல் மருந்து கொடுத்தார். டொக்டர்களின் சங்கமான மருத்துவர் கல்லூரி வழக்குப் போட்டது. ரோஸ் தோற்றார். மேன்முறையீடு பிரபுக்கள் சபை வரைக்கும் போனது. 1704இல் சபை தீர்ப்பை மாற்றியது. ஏழைகளுக்கு டொக்டரைக் கூப்பிட வசதியில்லை, அப்போத்திக்கரியையும் தடுத்தால் அவர்கள் எங்கே போவார்கள் என்ற நியாயம் அங்கே எடுபட்டது.

அந்தத் தீர்ப்பில் ஒரு ஓட்டையும் இருந்தது. அப்போத்திக்கரி ஆலோசனை சொல்லலாம், அதற்குக் காசு வாங்க முடியாது. காசு மருந்துக்கு மட்டும்தான். அப்படியானால் என்ன நடக்கும்? அதிகம் மருந்து கொடுத்தால்தான் அடுப்பு எரியும். ஒரு போத்தல் போதுமான இடத்தில் மூன்று போத்தல் போகும். இந்த ஓட்டையைப் பிறகு நம் ஊர்க் கடைகளிலும் பார்க்கப் போகிறோம், ஞாபகம் வைத்திருங்கள். 1815இல் வந்த சட்டம்தான் அப்போத்திக்கரிக்கு 5 வருசத் தொழில் பழகலும் பரீட்சையும் கட்டாயம் என்றது.

எழுதுபவரும் விற்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்ற எண்ணத்துக்கு நம் வரலாற்றிலும் வேர் உண்டு. அப்பாஸியர் காலத்தில் மருந்தியல், 'ஸைதலா' என்ற பெயரில், வைத்தியத்திலிருந்து பிரிந்து தனித் தொழிலாக வளர்ந்தது. சந்தையைக் கண்காணித்த முஹ்தஸிப் மருந்துக் கடைகளையும் சோதித்தார். 11ஆம் நூற்றாண்டில் அல்பீரூனி மருந்துகளைப் பற்றியே தனியாக ஒரு பெரிய நூல் எழுதினார். 1231இல் சிசிலியை ஆண்ட இரண்டாம் பிரெட்ரிக் கொண்டுவந்த சட்டத் தொகுப்பின் வழியாக, வைத்தியரும் மருந்துக் கடைக்காரரும் கூட்டு வியாபாரம் செய்யக்கூடாது என்ற விதி ஐரோப்பாவில் நிலைத்தது.

*வன்னியில் தொடங்கிய கதை*

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1860களில் வன்னிக் கிராமங்கள் ஒவ்வொன்றாக வெறிச்சோடிக்கொண்டிருந்தன. பறங்கிப் புண் என்ற நோய் மக்களைத் தின்றது. காரணம் என்ன என்று பார்க்க டொக்டர் ஜேம்ஸ் லூஸ் என்பவரை அரசு அனுப்பியது. அவர் கொடுத்த முக்கியமான யோசனை, இந்த நாட்டிலேயே வைத்தியம் படிப்பிக்க ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்பது. அதற்கு முன் ஆங்கில வைத்தியம் படிக்க நம் பிள்ளைகளில் சிலரைக் கல்கத்தாவுக்கு அனுப்பித்தான் சமாளித்தார்கள். 1870 ஜூனில் கொழும்பு மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. முதல் அதிபர் அதே லூஸ்தான். 1880இல் அது இலங்கை மருத்துவக் கல்லூரி ஆனது.

தமிழர்களுக்கு இன்னும் முந்திய ஒரு கதை இருக்கிறது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் கிறீன் 1840களின் கடைசியிலேயே உள்ளூர் இளைஞர்களுக்கு வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். 1860களில் பாடத்தைத் தமிழுக்கே மாற்றினார். உடற்கூறு, சத்திர சிகிச்சை, இரசாயனம் எல்லாம் தமிழ்ப் புத்தகங்களாக வந்தன. அவர் 1873இல் நாடு திரும்பும்போது 60 பேருக்கு மேல் பயிற்றுவித்திருந்தார். கிராமத்துக்குத் தேவையான ஆளைக் கிராமத்திலிருந்தே எடுத்து, அவன் மொழியிலேயே படிப்பித்தால் அவன் கிராமத்திலேயே நிற்பான் என்று கிறீன் நம்பினார்.

கொழும்புக் கல்லூரியில் முழு டொக்டர் படிப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சுமார் இரண்டு வருச அப்போத்திக்கரிப் படிப்பு. மருந்து கலக்கத் தெரிந்த ஆளுக்கு அதற்கு மேல் நோயைப் பார்க்கவும், புண் கட்டவும், சிறு வைத்தியம் செய்யவும், எதைத் தொடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று அறியவும் படிப்பித்தார்கள். முடிவில் பரீட்சை, சான்றிதழ், அரச நியமனம். 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் டொக்டர்களோடு அப்போத்திக்கரிகளையும் மருந்தாளர்களையும் மருத்துவிச்சிகளையும் பதிவுக்குள் கொண்டுவந்தது.

பிரித்தானியா 2006இல் கொண்டுவந்ததற்கு மிக நெருங்கிய ஒன்றை, அதே பிரித்தானியர் ஆண்ட காலத்தில் நம் நாடு செய்துகொண்டிருந்தது. அங்கே டொக்டர்கள் நோயாளிகளால் திணறுகிறார்கள் என்பதற்காக வந்தது. இங்கே டொக்டர்கள் போகாத இடத்துக்கு ஆள் வேண்டும் என்பதற்காக வந்தது.

*நம் கரையின் மருந்தகம்*

கற்பிட்டியிலிருந்து புத்தளத்துக்கு இன்று பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடும். உம்மும்மா சிறுமியாக இருந்த காலத்தில் அது ஒரு நாள் பயணம். தீவுகளில் வாடி அடித்திருந்தவர்களுக்கு முதலில் வள்ளம், பிறகு வண்டி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கைக்கு எட்டிய வைத்தியம் இரண்டுதான். ஒன்று ஊரில் இருந்த நாட்டு வைத்தியர். மற்றது அரசாங்க மருந்தகம், அதாவது 'டிஸ்பென்சரி'.

உம்மும்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மருந்தகத்துக்குப் போகும்போது வீட்டிலிருந்து கழுவிய போத்தல் கொண்டுபோக வேண்டும். போத்தல் இல்லாவிட்டால் மருந்து இல்லை. அப்போத்திக்கரி மாத்தயா கண்ணை இழுத்துப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், வயிற்றை அழுத்துவார், மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று. பிறகு ஒரு துண்டில் எழுதி உள்ளே அனுப்புவார். மருந்துக் கலவையாளர் போத்தலில் ஊற்றி, பக்கத்தில் வெட்டிய காகிதப் பட்டி ஒன்றை ஒட்டித் தருவார். வெட்டு எத்தனையோ, அத்தனை வேளை. எழுத்துத் தெரியாத உம்மாமாருக்கும் அளவு விளங்கும். பெயர், வயது, நோய், கொடுத்த மருந்து எல்லாம் பெரிய புத்தகத்தில் பதிவாகும். "அவருக்குத் தெரியாட்டி தெரியாதெண்டு சொல்லுவார் மகன், புத்தளத்துக்குக் கொண்டு போங்கெண்டு சொல்லுவார்" என்பார் உம்மும்மா. அவருடைய பேச்சில் அதுதான் பெரிய புகழ்ச்சி.

உம்மும்மாவின் உம்மா வழியாக வந்த இன்னொரு கதை 'பெரிய காய்ச்சல்'. 1934இல் மழை பொய்த்தது. தெதுரு ஓயா, மகா ஓயா போன்ற ஆறுகள் ஓட்டம் நின்று குட்டை குட்டையாகத் தேங்கின. அந்தக் குட்டைகளில் நுளம்பு பெருகியது. 1934 கடைசியிலும் 1935இலும் மலேரியா நாட்டை அடித்தது. இறந்தவர்கள் சுமார் 80,000 பேர். கேகாலை, குருநாகல் பகுதிகளும் நம் சிலாபம் பக்கத்து ஆற்றுப் படுகைகளும் மோசமாகப் பாதிக்கப்பட்டன. டொக்டர்கள் போதவில்லை. தற்காலிக சிகிச்சை நிலையங்கள் போட்டு, மருந்தகங்களில் கொயினா கலவையை ஊற்றி ஊற்றிக் கொடுத்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் கிராமப்புற மருந்தகங்களும் சிறு ஆஸ்பத்திரிகளும் வேகமாகப் பெருகின. மத்திய மருந்தகம், கிளை மருந்தகம், குறித்த நாளில் போய்ப் பார்க்கும் நிலையம் என்று ஒரு வலை விரிந்தது. அந்த வலையின் பல முடிச்சுகளில் உட்கார்ந்திருந்தவர் அப்போத்திக்கரிதான். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அந்தப் பெருமையில் பெயர் தெரியாத இவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

*ஏன் அது ஓரளவு சரியாக நடந்தது?*

நான் யோசித்துப் பார்த்ததில் நாலு காரணம் தெரிகிறது.

முதலாவது, பயிற்சி. அவர் கவுண்டரில் நின்று கேட்டுப் பழகியவர் இல்லை. கல்லூரியில் படித்து, நோயாளியைத் தொட்டுப் பழகி, பரீட்சை எழுதி வந்தவர்.

இரண்டாவது, எல்லை. அவர் கையில் இருந்த மருந்துகள் அரச களஞ்சியத்திலிருந்து வந்த ஒரு குறிப்பிட்ட பட்டியல். அதற்கு வெளியே போக முடியாது. கடுமையான நோய் என்றால் மேலே அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, சம்பளம். லண்டன் தீர்ப்பின் ஓட்டை இங்கேதான் அடைபட்டது. மருந்தகத்தில் மூன்று போத்தல் கொடுத்தாலும் ஒரு போத்தல் கொடுத்தாலும் மாத முடிவில் அவருக்கு வருவது ஒரே தொகை. அதிகம் எழுதி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நாலாவது, பதிவு. எழுதியவர் யார் என்பது புத்தகத்தில் இருந்தது. அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. வைத்தியம் அறிந்தவர் என்று அறியப்படாமலே வைத்தியம் பார்த்தவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்பது அதன் கருத்து. பொறுப்பைச் சுமத்த வேண்டுமானால் முதலில் ஆள் யார் என்று தெரிய வேண்டுமே!

எல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. தவறான மருந்து கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள், மாலையில் வீட்டில் காசுக்கு வைத்தியம் பார்த்தவர்களும் இருந்திருப்பார்கள். 'அரை டொக்டர்' என்ற இளக்காரமும் கடைசி வரை அவர்களை விடவில்லை.

*கதவு மூடிய கதை*

காலப்போக்கில் அப்போத்திக்கரி என்ற பெயர் போய் உதவி மருத்துவர், உதவி மருத்துவ அதிகாரி என்ற பெயர்கள் வந்தன. சேவை அனுபவத்தோடு மேலதிகத் தகுதி பெற்றவர்களை ஆர்.எம்.பி. என்றும் பின்னர் ஆர்.எம்.ஓ. என்றும் அழைத்தோம். நம் பக்கத்தில் 'ஆரெம்பி டொக்டர்' என்றால் இன்றும் பலருக்கு முகம் ஞாபகம் வரும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சொந்தங்கள் ஆயிரக்கணக்கில் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் வந்து இறங்கியபோது, இந்தச் சின்ன மருந்தகங்களின் திண்ணைகள் எப்படி நிரம்பி வழிந்தன என்பதை அந்த முகாம்களில் வளர்ந்தவர்கள் சொல்வார்கள்.

1990களில் புதிய ஆட்களைப் பயிற்றுவிப்பது நின்றுபோனது. இருந்தவர்கள் ஓய்வுபெற ஓய்வுபெற அந்த இனமே அருகிவிட்டது. மூடியதற்கு நியாயம் இல்லாமலில்லை. பல்கலைக்கழகங்கள் கூடி, எம்.பி.பி.எஸ். டொக்டர்கள் கூடினார்கள். 'கொழும்புக்காரனுக்கு முழு டொக்டர், கிராமத்தானுக்கு அரை டொக்டரா?' என்ற கேள்வியும் இருந்தது. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். கிராமத்துப் பிள்ளைக்குக் குறைந்த தரம் போதும் என்று யாராவது சொன்னால் ஒரு கிராமத்து வாத்தியாராக எனக்கும் கோபம் வரும்.

ஆனால் அந்த முழு டொக்டர் நம் கரைக்கு எத்தனை நாள் வந்தார், எத்தனை நாள் நின்றார் என்று நாமே நம் மனதைக் கேட்டுப் பார்ப்போம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்தும் தட்டுப்பட்டது, டொக்டர்மாரும் நாட்டை விட்டுப் போனார்கள். அந்தக் காலத்தில் நம்மில் எத்தனை பேர் நேராக மருந்துக் கடைக்குப் போனோம்?

*இன்று எழுதுவது யார்?*

நம் சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் மருந்துக் கடைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், பதிவுபெற்ற மருந்தாளரின் மேற்பார்வை வேண்டும். அன்டிபயோடிக் போன்றவற்றை டொக்டரின் துண்டு இல்லாமல் விற்கக்கூடாது. மருந்தாளருக்கும் நல்ல படிப்பு இருக்கிறது. பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவரிடம் தொழில் பழகி, இலங்கை மருத்துவக் கல்லூரிச் சபையின் பரீட்சை தேறி வரலாம். யாழ்ப்பாணம் உட்படப் பல பல்கலைக்கழகங்களில் நாலு வருச மருந்தியல் பட்டமும் இருக்கிறது.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். சில கடைகளில் மருந்தாளரின் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது, ஆள் வேறெங்கோ. துண்டு இல்லாமலே மருந்து கைமாறுகிறது. நாமும்தான் கேட்கிறோம், 'அந்தக் கெப்சூல் மூன்று தாங்க' என்று. கடைக்காரர் தரமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போகிறோம்.

அதனால் 'டொக்டரைத் தவிர வேறு ஆள் மருந்து எழுதலாமா?' என்று இன்று விவாதிப்பது காலம் கடந்த விவாதம். நம் ஊரில் வேறு ஆட்கள் தினமும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள், காகிதம் இல்லாமல். அப்போத்திக்கரியிடம் இருந்த அந்த நாலில் ஒன்றும் அந்தக் கவுண்டரில் இல்லை. பயிற்சி இல்லை, எல்லை இல்லை, சம்பளத்துக்குப் பதில் விற்பனை இலாபம், பதிவுக்குப் பதில் வெறும் காகிதப் பை. 1704இன் ஓட்டை 300 வருசம் கழித்து நம் சந்தியில் திறந்து கிடக்கிறது. என் வாப்பா அதற்குள்தான் விழுந்தார்.

*ஒரு வாத்தியாரின் அனுபவம்*

நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போவதற்கு முன்பே வகுப்பில் நின்றவன். நியமனம் கிடைத்த முதல் நாளே 40 பிள்ளைகளை என் கையில் தந்தார்கள். நன்றாகப் படிப்பிக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். கலாசாலையில் கற்பித்தல் பயிற்சி நடந்தபோது, பின் வாங்கில் விரிவுரையாளர் ஒருவர் கொப்பியோடு உட்கார்ந்திருந்தார். பாடம் முடிந்ததும் கூப்பிட்டு, "மூன்றாவது வரிசைப் பிள்ளைக்கு விளங்கவில்லை, நீங்கள் பார்க்கவே இல்லை" என்றார். அந்தப் பிள்ளைக்கு மட்டுமா விளங்காமல் இருந்திருக்கும்? அதற்கு முந்திய வருசங்களில் எத்தனை மூன்றாவது வரிசைகளைத் தவறவிட்டேனோ! அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிரித்தானியாவின் அந்த 90 மணித்தியாலத்தைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்தப் பின் வாங்குதான் கண்ணில் வந்தது. நாலு வருசம் மருந்தைப் படித்த ஒரு பிள்ளைக்கு மருந்து தெரியும். எதிரில் நிற்கும் நோயாளியைப் பார்க்கத் தெரிய வேண்டுமானால், பின்னால் ஒருவர் உட்கார்ந்து பார்த்துத் திருத்த வேண்டும். மருந்தாளரை எழுதுபவராக ஆக்கும் பயிற்சி என்பதில் பெரும் பங்கு இதுதான். புதிய மருந்துப் பெயர்களை மனனம் செய்வது அதில் கொஞ்சம்தான். என்ன கேட்க வேண்டும், எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத்தான் படிக்கிறார்கள்.

வாப்பாவின் விசயத்தில் இரண்டே கேள்வி போதுமாக இருந்தது. "வேறு மருந்து எடுக்கிறீங்களா? வயிற்றில் எரிச்சல் இருக்கா?" அந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகிய ஒருவர் அன்று கவுண்டரில் இல்லை.

என் ஆசை பெரியது இல்லை. டொக்டரின் இடத்தை யாருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. நம் கிராமத்து அரச மருந்தகங்களில் பட்டம் பெற்ற மருந்தாளர்களை, மேற்பார்வையோடு பயிற்றுவித்து, பிரசர், சீனி போன்ற நாட்பட்ட நோய்களின் மருந்தைத் தொடர்ந்து பார்க்கவும், ஒரு சிறு பட்டியலுக்குள் எழுதவும், சந்தேகம் என்றால் மேலே அனுப்பவும் விடலாமா என்று நாடு யோசிக்க வேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்பவராக இருக்க வேண்டும், விற்பனைக்கு இல்லை. கையெழுத்தும் பதிவும் இருக்க வேண்டும். இவை ஏதோ வெளிநாட்டு யோசனை மாதிரித் தெரியலாம். உம்மும்மா போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு போன மருந்தகத்தில் இவை எல்லாமே ஒரு மாதிரி இருந்தன.

அது வரும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். மருந்துக் கடைக்குப் போனால் "மருந்தாளர் இருக்காரா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். வீட்டுப் பெரியவர்கள் எடுக்கும் எல்லா மருந்தின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி, கிளினிக் புத்தகத்தோடு வையுங்கள். எங்கே போனாலும் அதைக் காட்டுங்கள். வலிக் குளிசையைக் கிழமைக் கணக்கில் தானாக வாங்கிப் போடாதீர்கள். துண்டு இல்லாமல் அன்டிபயோடிக் கேட்டு நல்ல கடைக்காரரை இக்கட்டில் தள்ளாதீர்கள். தரமாட்டேன் என்று சொல்பவர் நமக்கு நல்லதுதான் செய்கிறார்.

கடைசியாக, நான் முதலில் சொன்ன விசயம். உங்கள் ஊர் மருந்தகம் எங்கே இருந்தது, அப்போத்திக்கரி மாத்தயா எப்படிப் பார்த்தார், போத்தல் மருந்தின் நிறம் என்ன, ருசி என்ன என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டதை எழுதி எனக்கு அனுப்புங்கள். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளோடு சேர்ந்து அதைத் தொகுத்து வைக்க நினைத்திருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். உம்மும்மா போன வருசம் மௌத்தாகிவிட்டார். அவரிடம் கேட்காமல் விட்ட கேள்விகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. உங்கள் வீட்டில் அவற்றுக்குப் பதில் இருக்கலாம்.

அல்லாஹ் நம் நோயாளிகளுக்குப் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.